ஆகுர்டியின் குதிரை: பழைய சேட்டக் இன்னும் ஈர்ப்பது ஏன்?

1992 முதல் 1998 வரை இங்கிலாந்தில் 106 மட்டுமே உருவாக்கப்பட்ட கார் மெக்லாரன் எஃப்1. மணிக்கு 380 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லவல்ல அக்காரில் பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. ஆயினும் 2021-இல் அவற்றுள் ஒன்று அமெரிக்க ஏலத்தில் இரண்டு கோடி டாலருக்கும் மேலான விலைக்குப் போயிற்று. வசதி குறைந்த வாகனத்திற்கு மதிப்பு கூடுவது எதனால்? இதற்கு விடை காண இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. புணேயை அடுத்த ஆகுர்டி போதும்.

இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துடனான ஒப்பந்தம் 1971-இல் முடிவுற்றபின், பஜாஜ் ஆட்டோ 1972-இல் தன் சொந்தப் பெயரில் ஒரு ஸ்கூட்டரை வெளியிட்டது. மகாராணா பிரதாப்பின் குதிரையான சேட்டக்கின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தேவைக்கேற்ப உற்பத்தியைப் பெருக்க இயலாமையால், பதிவு செய்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தே அதனைப் பெற்றனர். பல நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுவே முதல் வாகனம்.

அதன் ஈர்ப்பு அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. எஃகுத் தகட்டாலான உடல். வலப்புறம் பொருத்தப்பட்ட 145 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின். இடக்கைப்பிடியைத் திருகி மாற்றும் நான்கு கியர்கள். பிடியின் அசைவைக் கேபிள் கியருக்குக் கொண்டுசெல்கிறது. இடையில் கணினி எதுவும் இல்லை. பெட்ரோலுடன் எண்ணெயை அளவறிந்து கலத்தல், குளிர்காலையில் சோக் இழுத்தல், ஓசையைக் கேட்டே கோளாற்றை உணர்தல் ஆகியவை ஓட்டுநரின் பொறுப்பு. அனலாக் எனப்படுவது இத்தகைய நேரடி உறவே. மெக்லாரனுக்கும் சேட்டக்குக்கும் விலையில் மலையளவு வேறுபாடு உண்டு. இப்பண்பில் இரண்டும் ஒன்றே. முன், பின் சக்கரங்களை மாற்றிப் பொருத்தலாம். எளிய கருவிகள் கொண்டு தெருமுனை மெக்கானிக்கே பழுது நீக்கலாம்.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினின் புகை மிகுதி. பிரேக்குகள் இன்றைய தரத்திற்கு மெலிந்தவை. 2007-இல் ஆகுர்டியில் வாகன உற்பத்தி நின்றது. பின்னர் 2022-இல் மின்சாரச் சேட்டக்கிற்கான தொழிற்சாலை அதே ஊரில் திறக்கப்பட்டது.

தங்கள் இல்லத்தில் பழைய வாகனம் இருப்பின், பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்வது நன்று.

முதலாவது, உரிமை. தந்தையார் பெயரிலேயே பதிவுச் சான்று இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசு படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றத்திற்கு மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னரே கடன் தீர்ந்திருப்பினும், வங்கியின் பெயர் சான்றில் நீக்கப்படாமலே இருக்கக்கூடும். வங்கியின் தடையின்மைச் சான்றுடன் படிவம் 35 அளித்து அதனை நீக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பதிவு. முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், தகுதிப் பரிசோதனைக்கு உட்பட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகள் கடந்து பெரிதும் மாற்றப்படாத வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவிற்குக் கட்டணம் ரூ. 20,000, அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அவ்வாறு பதிவான வாகனத்தை அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றிற்கே அனுமதி உண்டு. ஆகவே நாளும் ஓட்ட விரும்புவோர் இம்முறையை நாடாதிருத்தலே தகும்.

மூன்றாவது, காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, உரிமையாளரும் நிறுவனமும் உடன்பட்டு முடிவு செய்வதாகும். சீரமைப்புச் செலவின் ரசீதுகளையும் புகைப்படங்களையும் பேணி வைத்தால், அப்பேச்சில் அவை துணைநிற்கும்.

நினைவின் மதிப்பை எந்தச் சான்றும் அளவிடாது. ஆயினும் ஆவணங்கள் செம்மையாக இருந்தால்தான், அந்த நினைவு வழக்கின்றி அடுத்த தலைமுறையின் கைக்குச் சென்றுசேரும்.