ஆசிரியரின் சோர்வு பிள்ளைகளையும் தொடும்

ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் இப்படித்தான் நடக்கின்றன. 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறார் ஆசிரியர். அதற்குள் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ செயலியில் வருகைப்பதிவை ஏற்றியாக வேண்டும். சிக்னல் கிடைக்காமல் அலைபேசியோடு வாசலுக்கு வருகிறார். உள்ளே பாடம் அறுந்துபோகிறது.

இப்படிப்பட்ட நெருக்கடியில் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசோல் ரத்தத்தில் கலக்கிறது. சற்று நேரத்துக்கு இது நல்லதே, உடல் சுறுசுறுப்பாகும். மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், நினைவாற்றல் குறையும்.

தணியாமல் தொடரும் பணி அழுத்தத்தின் விளைவை ‘பர்ன்அவுட்’ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும், ‘என்னால் எதுவும் ஆகவில்லை’ என்ற எண்ணம். இது நோயல்ல, பணியிடம் சார்ந்த நிலை என்பதையும் அது தெளிவுபடுத்தியது. ஆகவே, காரணத்தை ஆசிரியரின் மனத்துக்குள் மட்டும் தேடுவது தவறு.

எங்கே தேடுவது? அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் வழிகாட்டினார். வேலைப்பளு கூடுதலாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகுகிறது என்றார். இன்றைய ஆசிரியர் பணிக்கு இது அப்படியே பொருந்துகிறது. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கல்வி உரிமைச் சட்டமே இடம் தருகிறது. விட்ட பாடத்தை முடிக்கும் பொறுப்போ அவர்கள் தலையில்தான்.

பாதிப்பு ஆசிரியரோடு நிற்பதில்லை. கனடாவில் 4 முதல் 7ஆம் வகுப்பு வரையிலான 400க்கும் மேற்பட்ட மாணவர்களின் உமிழ்நீரைச் சோதித்து, 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆசிரியர் மிகவும் சோர்ந்திருந்த வகுப்புகளில், பிள்ளைகளின் காலைநேரக் கார்டிசோல் அளவும் கூடுதலாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை இந்த ஆய்வு மட்டும் உறுதிசெய்துவிடாது. ஆனால், ஆசிரியர் நலனையும் மாணவர் நலனையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இது வலுவான சான்று.

மனம் தாங்காதபோது, 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தயங்க வேண்டியதில்லை. ஆனால், ஆலோசனையும் யோகா வகுப்பும் பணிச்சுமையைக் குறைத்துவிடாது. பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள், பயிற்சி நாட்களில் மாற்று ஆசிரியர், பாடவேளையில் யாரும் எந்தத் தகவலும் கேட்காத ஏற்பாடு: முதல் மருந்து இவைதான். இவற்றுக்கு ஆகும் செலவு பிள்ளைகளின் படிப்புக்குச் செய்யும் செலவே.