சீன வைத்தியத்தில் பாசிப்பயறு

பாசிப்பயற்றை நாம் சுண்டலாகவும் கஞ்சியாகவும் உண்கிறோம்; மாவாக அரைத்துத் தேய்த்துக் குளிக்கவும் செய்கிறோம். நம் இந்திய மண்ணில் முதலில் பயிரான இப்பயறு சீன தேசத்திற்குச் சென்று, அங்கே மருந்தாகவும் பெயர் பெற்றது.

சீன மூலிகை நூல்களுள் தலைசிறந்தது 'பென்த்சாவ் காங்மு'. லி ஷிச்சென் என்னும் வைத்தியர் 27 ஆண்டுகள் உழைத்து 1578-இல் அதனை எழுதி முடித்தார். அச்சில் வந்ததோ அவர் மறைந்த பின்னர், 1596-இல்தான்! அந்நூல் பாசிப்பயற்றை வெகுவாகப் போற்றுகிறது. பயற்றை அடைத்த தலையணையில் உறங்கினால் கண் தெளியும், தலைவலி நீங்கும் என்ற குறிப்பும் அதில் உண்டு. (பரீட்சைக் காலத்தில் நாமும் தைத்துப் பார்க்கலாமோ?)

நம் பாட்டிமார் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பதுபோலவே சீனரும் பிரிக்கின்றனர். பாசிப்பயறு குளிர்ச்சி. ஆகவே கோடையில் தாகம், வேனற்கட்டி, உடற்சூடு ஆகியவற்றிற்கு அதை வேகவைத்த நீரைப் பருகுவர். வெயிற்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலையாட்களுக்கு இதை வழங்கும் வழக்கமும் உண்டு. குளிர்ச்சி தோலில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. எனவே தோலை நீக்குவதில்லை. தோல் வெடிக்கும் தறுவாயில் பச்சை நிற நீரை இறுத்துக் குடிப்பர். இரும்புச் சட்டி கூடாது; நீர் கறுத்துவிடும். வைடெக்சின் முதலிய பொருள்கள் தோலில் மிகுந்திருப்பதை இன்றைய ஆராய்ச்சியும் காட்டுகிறது.

பயறு நஞ்சை முறிக்கும் என்றும் சீனர் நம்பினர். நம் வச்சநாபியின் இனத்தைச் சேர்ந்த கிழங்கின் நஞ்சுக்கு அதிமதுரத்துடன் பயற்றைக் காய்ச்சிக் கொடுத்தனர். ஆனால் அந்நஞ்சு இதயத் துடிப்பையே தடுமாறச் செய்வது; கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இத்தகைய நம்பிக்கை எல்லை மீறியதும் உண்டு. 2010-இல் சீனத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஒருவர், நீரிழிவு முதலான நோய்களைப் பயறே தீர்க்கும் என்றார். மக்கள் வாங்கிக் குவித்தனர், விலையும் ஏறியது. சில மாதங்களில் அவருடைய வைத்தியத் தகுதியே பொய் என்று வெளியாயிற்று. அவர் சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்தும் நோயாளியின் கதி என்னவாகும்!

சீன வைத்தியரோ இவ்வளவு தூரம் போவதில்லை. வயிறு பலவீனமானவர்கள் அதிகம் உண்ணலாகாது என்கின்றனர். கஷாயம் சாப்பிடுகிறவர்களுக்கும் பயற்றைத் தவிர்க்கச் சொல்வதுண்டு: நஞ்சை முறிப்பது மருந்தையும் முறித்துவிடுமாம்!