தீவுக்கு ஒரு பெயர்

அந்தமான் நிக்கோபார் கடலில் நூற்றுக்கணக்கான தீவுகள் உள்ளன. பல தீவுகளுக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. 2023 ஜனவரி 23 அன்று, அவற்றில் பெரிய 21 தீவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். எல்லாம் பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள். போர்க்கள வீரத்துக்கு நம் நாடு தரும் மிக உயர்ந்த விருது அது.

அதில் ஒரு தீவின் பெயர் பரமேஸ்வரன். யார் அவர்?

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனார். 1987 நவம்பர் 25 அன்று அங்கே நடந்த சண்டையில் அவர் மார்பில் குண்டு பாய்ந்தது. உயிர் பிரியும் வரை தன் வீரர்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் இருந்த படையின் பெயர் மகார் ரெஜிமென்ட். இது காலாட்படை. இந்தப் படை எளிதில் பிறக்கவில்லை.

மகார் என்பது மகாராஷ்டிரத்தில் உள்ள ஒரு சமூகம். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் அவர்களை விடவில்லை. ஆனால், ஆங்கிலேயரின் பம்பாய்ப் படையில் அவர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். 1818-இல் கோரேகான் என்ற ஊரில் பேஷ்வாவின் படையோடு சண்டை நடந்தது. அங்கே இறந்த மகார் வீரர்களின் பெயர்கள் கல்தூணில் உள்ளன.

படையில் சம்பளம் கிடைத்தது. படிப்பும் கிடைத்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் பாடமும் நடத்தினார்.

1890-களில் அந்தக் கதவு மூடியது. 'இந்தச் சாதி வீரச் சாதி, அந்தச் சாதி அப்படி இல்லை' என்று ஆங்கிலேயர் மக்களைப் பிரித்தார்கள். மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. மீண்டும் சேர்த்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள்.

அம்பேத்கர் விடவில்லை. மகார்களுக்குப் படையில் இடம் வேண்டும் என்று வாதாடினார். 1941 அக்டோபர் 1 அன்று பெல்காமில் மகார் ரெஜிமென்ட் பிறந்தது.

முதலில் அதன் சின்னத்தில் கோரேகான் தூண் இருந்தது. இப்போது இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் நடுவில் ஒரு குத்துவாளும் உள்ளன. மத்தியப் பிரதேசத்தில் சாகர் என்ற ஊரில் பயிற்சி நடக்கிறது. இன்று எல்லாச் சாதியினரும், பல மாநிலத்தவரும் இதில் சேருகிறார்கள். 'போலோ ஹிந்துஸ்தான் கீ ஜே' என்பது அவர்கள் போர் முழக்கம்.

வீரம் இல்லாதவர்கள் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர், இந்தப் படையின் பெயர். அந்தப் படையில் இருந்த ஒரு தமிழரின் பெயர், அந்தமானில் ஒரு தீவின் பெயர். வீரம் எந்தச் சாதிக்குச் சொந்தம்?