தனித்து நின்ற ஆசிரியர்களை இணைத்த மின்னஞ்சல் குழுக்கள்: கர்நாடக அனுபவம் சொல்வது என்ன?

ஒக்கலிபுரம் (பெங்களூரு): அரசு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கணிதத்துக்கு ஓர் ஆசிரியர், அறிவியலுக்கு ஓர் ஆசிரியர் என்பதே நிலை. பாடத்தில் ஓர் ஐயம் எழுந்தால் அதே பாடம் நடத்தும் இன்னொருவரைக் கேட்பதற்குப் பக்கத்து ஊருக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போக வேண்டும். ஆசிரியர்கள் இணையவழி சமூக வலைப்பின்னல்களைத் தேடிச் சென்றதற்குத் தொழில்நுட்ப மோகத்தைக் காட்டிலும் இந்தத் தனிமையே பெரிய காரணம்.

இந்தியாவில் இதற்கான தொடக்ககால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது கர்நாடகத்தின் பாட ஆசிரியர் மன்றம். பெங்களூரைச் சேர்ந்த ‘ஐடி ஃபார் சேஞ்ச்’ என்ற தன்னார்வ நிறுவனமும், மாநில அரசின் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சித் துறையும் இணைந்து 2011-ஆம் ஆண்டு வாக்கில் இதனைத் தொடங்கின. மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டமும் துணை நின்றது. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்குத் தனித்தனி மின்னஞ்சல் குழுக்கள் அமைக்கப்பட்டன. மாநிலம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் அவற்றில் இணைந்தனர்.

அதற்கு முன்பு ஆசிரியர் பயிற்சி என்றால் அடுக்கு முறைதான். தலைநகரில் சிலருக்குப் பயிற்சி அளிக்கப்படும். அவர்கள் மாவட்ட அளவில் சிலருக்குச் சொல்லித் தருவர். அங்கிருந்து அது வட்டாரத்துக்குச் செல்லும். கடைசிப் படியில் நிற்கும் ஆசிரியரிடம் வந்து சேரும்போது சொன்னதில் பாதி நீர்த்துப் போயிருக்கும். அவருடைய கேள்வி மேலே செல்வதற்கோ வழியே இல்லை. மின்னஞ்சல் குழுவில் அந்தப் படிகள் இல்லை. ஒரு கிராமப்புற ஆசிரியரின் கேள்விக்கு இன்னொரு மாவட்டத்து ஆசிரியரே விடை எழுத முடிந்தது.

இணைய முகவரி கொடுத்துவிட்டால் ஆசிரியர்கள் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள் என்று இத்திட்டத்தினர் எண்ணவில்லை. அது நல்ல முடிவு. முதலில் நேரடிப் பயிலரங்குகள் நடத்தப்பட்டன. அங்கு கணினியில் கன்னடத்தில் தட்டச்சு செய்வது முதல் கட்டற்ற மென்பொருள்களைக் கையாள்வது வரை கற்றுத் தரப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஜியோஜீப்ரா மென்பொருளில் ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்கும். கரும்பலகையில் வரைந்து காட்டினால் மாணவர் நம்ப மட்டுமே வேண்டும். இங்கே தானே இழுத்துப் பார்த்துவிடலாம். இப்படி ஒருவர் உருவாக்கிய கோப்பு, குழுவின் வழியே மற்றவர்களின் வகுப்பறைகளுக்குச் செல்லும். பயிலரங்கில் ஒருமுறை முகம் பார்த்துப் பழகியவர்களிடம் “எனக்கு இது தெரியவில்லை” என்று எழுதுவதும் எளிது.

மின்னஞ்சலில் வந்தவை சிதறிப் போகாமல் இருக்க, 2013-இல் கர்நாடகத் திறந்த கல்வி வளங்கள் என்ற தொகுப்பும் தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்தது இது. ‘திறந்த’ என்பதற்கு இலவசம் என்பது மட்டும் பொருளல்ல. எடுத்துப் பயன்படுத்தலாம், தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமமே அனுமதிக்கிறது. பாடநூலைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் மட்டுமே இருந்த ஆசிரியர், பாடப்பொருளை எழுதும் இடத்துக்கும் வர முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தில் கர்நாடக அனுபவமும் ஆராயப்பட்டு, 2017-இல் நூலின் ஓர் அத்தியாயமாக வெளிவந்தது.

இத்தகைய குழுக்களில் எழுதுபவர் சிலர், படிப்பவர் பலர் என்பது உலகெங்கும் காணப்படும் இயல்பு. இதைக் குறையாகவே பார்ப்பது வழக்கம். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட நூல் வேறுவிதமாகப் பார்க்கிறது. ஒரு தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் ஓரத்தில் நின்று பார்த்தே கற்கிறார். மெல்ல மெல்லத்தான் நடுவே வருகிறார். தையற்கடையிலும் பட்டறையிலும் நாம் அன்றாடம் காண்பதுதான் இது. ஆகவே மௌனமாகப் படிக்கும் ஆசிரியர் எதுவும் கற்கவில்லை என்று கணக்கெழுதுவது அவசரம்.

இன்று உரையாடல் பெரும்பாலும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்கு நகர்ந்துவிட்டது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்திய ‘கிளிக்ஸ்’ திட்டத்தில் ராஜஸ்தான், தெலங்கானா, சத்தீஸ்கர், மிசோரம் மாநில ஆசிரியர்கள் டெலிகிராமில் இணைக்கப்பட்டனர். கைப்பேசி எப்போதும் கையில் இருப்பதால் பதில் உடனே கிடைக்கிறது. இழப்பும் உண்டு. மின்னஞ்சலில் ஒரு கேள்வியும் அதற்கான விடைகளும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்காக நிற்கும். ஓராண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கச் செய்திகளுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் இடையே நல்ல விடை மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடும்.

அதைவிடக் கவலைக்குரியது குழுவின் தன்மை மாறுவது. அதிகாரி உறுப்பினராக உள்ள குழுவில் ‘இந்தப் பாடம் எனக்கு விளங்கவில்லை’ என்று யார் எழுதுவார்? புள்ளிவிவரம் கேட்பதும், நிகழ்ச்சிப் படங்களை அனுப்பச் சொல்வதும் பெருகும்போது, கற்பதற்கான இடம் அலுவலகத்தின் கிளையாகிவிடுகிறது. பள்ளி நேரம் முடிந்த பின்னும் ஆசிரியரைப் பின்தொடர்கிறது. படங்களில் இருக்கும் குழந்தைகளின் உரிமையும் சிந்திக்கத்தக்கது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது.

அரசின் தளங்களும் வளர்ந்துள்ளன. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட ‘திக்ஷா’ தளத்தின் அடித்தளத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது பெங்களூரில் உள்ள எக்ஸ்டெப் அறக்கட்டளை. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாட்டில் ஆசிரியர்கள் பங்கேற்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 எதிர்பார்க்கிறது. காணொளியைப் பார்த்துச் சான்றிதழ் பெறும் மணிகளை எண்ணிவிடலாம். சக ஆசிரியருக்கு இரவு எட்டு மணிக்கு எழுதிய விளக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தீரவில்லை.

ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளைக் கொண்ட பெங்களூரில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. கர்நாடகத்தில் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் மிகச் சிலரே. அவர்களது தனிமை இருமடங்கு. கன்னடக் குழுவில் வரும் பொருளை அவர்கள் மொழிபெயர்த்தாக வேண்டும். தமிழ்நாட்டு ஆசிரியர் குழுவில் சேர்ந்தால் மொழி பொருந்தும், பாடத்திட்டம் பொருந்தாது. முக்கோணத்துக்கு மாநில எல்லை தடையில்லை. கர்நாடக வரலாற்றுப் பாடத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பாடத்துக்குத் தமிழில் திறந்த வளம் வேண்டுமென்றால், அதை எழுதக்கூடியவர்கள் அந்தச் சில ஆசிரியர்கள்தாம்.