மயில் இறகும் ஆண்டெனாவும்

காவடியில் செருகும் மயில் இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலமும் பச்சையும் காணாமல் போய்விடும். மிஞ்சுவது பழுப்புத் தூள்தான். இறகில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. மெலனின் எனும் கருநிறப் பொருளாலான நுண்ணிய தண்டுகள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒளியலை உள்ளே போக முடியாமல் திரும்பி வருகிறது. அதைத்தான் நாம் நீலம் என்கிறோம். இத்தகைய சீரான அடுக்குக்கு ஃபோட்டானிக் படிகம் என்று பெயர்.

எலி யப்லோனோவிச்சும் இந்திய வம்சாவளிக் கனடியரான சஜீவ் ஜானும் 1987-இல் தனித்தனியே ஒரே கருத்தை எட்டினார்கள். முப்பரிமாணத்திலும் இப்படி அடுக்கினால், குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட அலை எந்தத் திசையிலிருந்தும் நுழைய முடியாத பொருளைப் படைக்கலாம் என்றார்கள். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அந்த அளவில் செதுக்குவது பெரும்பாடு. நுண்ணலைக்கோ அலைநீளம் சென்டிமீட்டர் கணக்கில் இருப்பதால், துளையிடும் கருவியே போதும். யப்லோனோவிச் குழு 1991-இல் அப்படித் துளைத்தே வெற்றி கண்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதில் ஆண்டெனாவுக்கு என்ன வேலை? சிலிக்கன் போன்ற தடித்த அடித்தளத்தின்மேல் ஆண்டெனாவை அச்சிட்டால், அதன் ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அடித்தளத்துக்குள்ளேயே போய்விடுகிறது. காற்றுக்கு வருவது மிச்சம் மீதிதான். 1993-இல் பிரவுன், பார்க்கர், யப்லோனோவிச் மூவரும் ஃபோட்டானிக் படிகத்தையே அடித்தளமாக வைத்தார்கள். உள்ளே வழி அடைபட்டதால், அலை பெரும்பாலும் காற்றுக்கே வந்தது.

உலோகத் தகடு ஒன்றைப் பின்னால் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். படிவம் 4 இயற்பியலில் வரும் அலைகள் பாடத்தை நினைத்துப் பாருங்கள். உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலை தலைகீழாகிறது. தகடு மிக அருகில் இருந்தால், திரும்பும் அலை நேர் அலையை அழித்துவிடும். அதனால் கால் அலைநீளம் தள்ளி வைக்க வேண்டும். வைஃபை பயன்படுத்தும் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 3 சென்டிமீட்டர். சட்டையில் தைக்கும் ஆண்டெனாவுக்கு 3 சென்டிமீட்டர் என்பது தலையணையைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி!

இதற்கு 1999-இல் சீவன்பைப்பரும் யப்லோனோவிச்சும் சக ஆய்வாளர்களும் ஒரு வழி காட்டினார்கள். சிறு உலோகக் கட்டங்களை வரிசையாகப் பதித்த மெல்லிய பரப்பு அது. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையைத் தலைகீழாக்காமல் திருப்பி அனுப்புவதால், ஆண்டெனாவை அதன்மேல் ஒட்டினாற்போல் வைக்கலாம்.

கோத்தா திங்கியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பரப்பை முழுக்க முழுக்கத் துணியிலேயே செய்தார்கள். 2015-இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, துணி ஆண்டெனாவுக்கும் உடலுக்கும் நடுவே இந்தப் பரப்பு இருந்தால், உடல் உறிஞ்சும் கதிர்வீச்சு குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. வெளியே போகும் அலையும் வலுக்கிறது. துணியை வளைத்தாலும் பெரிய பாதிப்பு இல்லை. நனைத்தபோதுதான் செயல்பாடு கடுமையாகச் சீர்குலைந்தது. காய்ந்ததும் பழையபடி வேலை செய்தது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கிய ஊர் நம்முடையது. இங்கே மீட்புப் பணியாளரின் மேலாடையில் இந்த ஆண்டெனா தைக்கப்பட்டால், அவர் நிற்கப்போவது தண்ணீரில்தான். காய்ந்த பிறகு பேசலாம் என்று அவரால் காத்திருக்க முடியாது. மின்புலத்துக்கு ஈடுகொடுக்கும் அளவு காய்ந்த துணிக்கு ஒன்று, இரண்டு என்றால், தண்ணீருக்கு 80-ஐ நெருங்கும். ஈரம் ஊறியதும் ஆண்டெனாவின் அதிர்வெண் இறங்கிவிடுவது அதனால்தான். நீர்புகாப் பூச்சு பூசலாம். ஆனால் பூச்சும் ஒரு மின்கடத்தாப் பொருளே. அதுவும் அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தும். ஆகவே பூச்சின் தடிமனையும் சேர்த்தே முதலிலிருந்து கட்டங்களின் அளவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.