டயர் பெருத்தால் பல் குறைய வேண்டும்

2007 முதல் 2018 வரை வந்த ஜீப் ராங்ளரின் அடிப்படை மாடலில் இருந்தது 29 இன்ச் சொச்சம் உயரமுள்ள டயர். அமெரிக்காவில் காடுமேடு ஏறும் ஆசையோடு அந்த வண்டியை வாங்கியவர்கள் முதலில் கழற்றிப் போட்டது அதைத்தான். பதிலுக்கு 35 இன்ச் டயர் ஏறும். இது வெறும் பந்தா அல்ல. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் உயர்வது பாடிதான், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்தப் பெரிய டயரை விட்டால் வழியில்லை. இந்த மாற்றத்தில் கிடைப்பது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஆக்ஸிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் பாறையில் இடிக்காமல் தப்ப அது பெரிய விஷயம்.

பிரச்சினை தார்ச்சாலைக்கு வந்ததும் தெரியும். பிக்கப் போய்விடும். லேசான ஏற்றத்தில்கூட ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் கீழே இறங்குவதும் மேலே ஏறுவதுமாகத் தவிக்கும். கணினியில் டயர் அளவை மாற்றிப் பதியாவிட்டால், ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 119 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். உரிமையாளர் இன்ஜினைத் திட்டுவார். இன்ஜின் மேல் ஒரு தப்பும் இல்லை.

வண்டியைத் தள்ளுவது டயர் தரையில் கொடுக்கும் விசை. ஆக்ஸிலுக்கு வரும் முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். ஆரம் கூடினால் விசை குறைந்தாக வேண்டும். இங்கே 16 சதவீதம் குறைகிறது. கியர்பாக்ஸைத் தொடாமலே ஒவ்வொரு கியரையும் கொஞ்சம் மேலே தள்ளிவிட்ட மாதிரிதான்.

இதைச் சரிக்கட்டும் இடம் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும். விகிதம் 3.21 என்றால், டிரைவ் ஷாஃப்ட் 3.21 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பழைய இழுவை திரும்பக் கிடைக்க, 3.21-ஐ 35-ஆல் பெருக்கி 29.3-ஆல் வகுக்க வேண்டும். விடை 3.83.

ஆனால், அனுபவசாலிகள் யாரும் அங்கே நிற்பதில்லை. 4.88 போடு என்பார்கள். பெரிய டயர் பல கிலோ கூடுதல் எடை, அதுவும் விளிம்பில் சுழலும் எடை. உயர்ந்த வண்டியைக் காற்று அதிகம் மறிக்கும். பம்பர், வின்ச் என்று பாரமும் ஏறியிருக்கும். வகுத்தல் கணக்குக்கு இது எதுவும் தெரியாது. கம்பெனியே இதைத்தான் செய்தது. பிந்தைய தலைமுறை ராங்ளரின் ரூபிகான் மாடலில் 32.7 இன்ச் டயருக்கு 4.10 விகிதம். 35 இன்ச் டயரோடு கம்பெனியே தந்தபோது கணக்குப்படி 4.39 போதும், வைத்ததோ 4.56.

கியர்பாக்ஸையும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 2011 வரை வந்த 4 வேக ஆட்டோமேடிக்கின் கடைசி கியர் 0.69, அடுத்த ஆண்டு வந்த 5 வேகத்தில் 0.83. 100 கிலோமீட்டர் வேகத்தில் 35 இன்ச் டயர் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றும். 4.88 போட்டால், 5 வேக வண்டியின் இன்ஜின் சுமார் 2,400 சுற்றில் சுகமாக ஓடும். 4 வேக வண்டியிலோ 2,000-தான். பழைய 3.8 லிட்டர் இன்ஜினுக்கு அதில் திராணி போதாது. அதனால்தான் அதற்கு 5.13 பரிந்துரை.

பாறையேற்றத்தில் கணக்கு வேறு. பிந்தைய தலைமுறை மேனுவல் ரூபிகானில் முதல் கியர் 5.13, டிரான்ஸ்பர் கேஸின் லோ கியர் 4, ஆக்ஸில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 84. இன்ஜின் ஐட்லிங்கில் 700 சுற்று என்று வைத்தால், வண்டி மணிக்கு 1.3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். 35 இன்ச் டயருக்கு 4.88 வைத்து அந்த 84-ஐ 100-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்த ஆக்ஸில் விகித எண்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன? பற்களை எண்ணினால் புரியும். 4.10 என்பது கிரவுன் வீலின் 41 பல்லுக்குப் பினியனில் 10, 4.56 என்பது 41-க்கு 9, 5.13 என்பது 41-க்கு 8. 41 பகா எண். பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் எல்லாப் பற்களையும் மாறிமாறிச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். நேர்த்தியான வேலை.

இந்தப் பற்சக்கரங்களை மாற்றுவது வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் காரியமில்லை. நான்கு சக்கர ஓட்டம் என்பதால் முன், பின் இரண்டிலும் ஒரே விகிதம் வேண்டும். இல்லையேல் 4x4 போட்டதும் ஒன்றோடொன்று இழுபறியாகி ஏதாவது ஒன்று உடையும். மஞ்சள் பசையைப் பல்லில் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். பற்களுக்கிடையே விடும் ப்ளே கால் மில்லிமீட்டருக்குள்தான். அது தப்பினால் நெடுஞ்சாலை முழுக்க ஊளைச் சத்தம் கூடவே வரும்.

கிரவுன் வீலின் அளவு கூடாமல் விகிதம் மட்டும் கூடினால் பினியன் சிறுத்துக்கொண்டே போகும். பல் குறைவு, ஒரே நேரத்தில் பிடிப்பில் இருப்பவை இன்னும் குறைவு. 37 இன்ச் ஆசை வந்தவர்கள் பலர் பினியனை மேலும் சிறுக்கவைக்காமல், பெரிய கிரவுன் வீல் கொண்ட டானா 60 ஆக்ஸிலுக்கே மாறிவிடுகிறார்கள். செலவு பல மடங்கு.