பூட்டி வைத்த ஒரு எண்

போடி ஸ்பைசஸ் போர்டு மையத்தில் ஏலக்காய் ஏலம் முடிந்த அன்றைக்கே எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதும் அப்படித்தான் தெரிந்தது. விலை சரிந்த நாளிலும் அதை யாரும் மறைக்க முடியாது. விற்பவர் கண்ணும் வாங்குபவர் கண்ணும் அதன் மேலேயே இருக்கும்.

அதே ஆண்டு டில்லியில் ஒரு எண்ணைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றேன். "அதென்ன கணக்குண்ணே?" என்று கேட்டார் டீக்கடையில் பக்கத்தில் இருந்த தம்பி. ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனில் மேற்பார்வை பார்ப்பவர்.

நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்ற கணக்குதான் தம்பி. 2017-18-ல் வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். அந்தக் கணக்கில் யார் 'வேலையில்லாதவர்' என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் குடோனுக்கு வரும் ஒரு அக்கா ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடி அலைந்தாலும், நடுவில் 30 நாள் காய் பிரித்திருந்தால் 'வேலையில் இருப்பவர்'. வாரக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. அதில் ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தாலே போதும். வேலை கிடைக்காத மற்ற நாட்கள் எதிலும் சேராது. இவ்வளவு தாராளமான முதல் கணக்கிலேயே 6.1 சதவீதம் வந்தது. 2011-12-ல் அது 2.2.

தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. அரசு வெளியிடவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் விலகினார்கள். சில நாளில் பிசினஸ் ஸ்டாண்டர்டு பத்திரிகை எண்ணை வெளியிட்டது. அது வரைவுதான் என்றது நிதி ஆயோக். தேர்தல் முடிந்து புது அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அதே 6.1 அதிகாரபூர்வமாக வந்தது.

மாதிரி எடுக்கும் முறை மாறியதால் பழையதோடு ஒப்பிடக் கூடாது என்றது அரசு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை அறிக்கையோடு சேர்த்தே சொல்லியிருக்கலாமே!

"அப்ப அந்த ஆணையம் எதுக்குண்ணே?"

நல்ல கேள்வி. சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-லேயே சட்ட அதிகாரம் உள்ள ஆணையம் வேண்டும் என்றது. 2005-ல் அரசு அதை ஒரு தீர்மானத்தால் அமைத்தது; சட்டம் போடவில்லை. ஆகவே ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. பிரிட்டனில் 2007-ல் சட்டமே கொண்டுவந்து, புள்ளியியல் மேற்பார்வை அமைப்பை அமைச்சருக்கு அல்லாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைத்தார்கள்.

வீட்டுச் செலவுக் கணக்கின் கதை இன்னும் மோசம். 2017-18-ல் எடுத்ததைத் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மொத்தமாகக் கைவிட்டார்கள். அடுத்த கணக்கு வெளியானது 2024-ல்தான். இடையில் வறுமை குறைந்ததா கூடியதா என்று ஆளுக்கொரு மதிப்பீடு.

2025 முதல் வேலைக் கணக்கு மாதாமாதம் வருகிறது. வெளியிடும் தேதியைப் புள்ளியியல் அமைச்சகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டால் தடுக்கிற அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, தம்பி.